கரடிப்பொடவு, உள்மூலை

பிப்ரவரி 11

மதியம் வந்து சேர்ந்தோம். வேன் ஓடைக்கரைப்பட்டி வரைதான் போகும். அங்கிருந்து சாமான்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு மலையடிவாரம். மாந்தோப்புக்கு நடுவே ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் கிணறு. தோப்பும் வீடும் சௌந்தரபாண்டியுடையவை. ஊராட்சியின் முன்னாள் தலைவர். நன்றி சொன்னபோது கையமர்த்தினார். "நம்ம ஊருக்கு ஒரு மியூசியம் வரட்டும்மா. பேப்பர்ல பேரு வரட்டும். வேறென்ன வேணும்?"

என்னோடு வந்திருப்பவர் இருதயராஜ், எங்கள் தொல்லியல் துறையில் எனக்கு மூத்தவர். படம் எடுப்பதும் வரைவதும் அவர் பொறுப்பு. மண் அள்ளவும் சலிக்கவும் ஊரிலிருந்து பத்துப் பேர் வருகிறார்கள்.

வெயில் தாழ்ந்ததும் மலையேறிப் பார்த்தோம். இந்தப் பக்கம் குகையைப் பொடவு என்கிறார்கள். இது கரடிப்பொடவு. கிழக்குப் பார்த்த அகன்ற வாய், புகை படிந்த கூரை. அதில் வெள்ளைக் கோட்டில் கையைத் தூக்கி நிற்கும் ஒரு மனிதன், நாலைந்து மான்கள். உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்து, கடைசி மூலையில் தவழ்ந்துதான் போக முடியும். ஆட்டுப் புழுக்கை நாற்றம். ஆடு மேய்க்கிறவர்கள்கூட முகப்போடு நின்றுவிடுவார்களாம். உள்ளே கரடி இருந்த இடம் என்ற பயம்.

என் பெயரில் வந்திருக்கும் முதல் அகழாய்வு அனுமதி இது. மே மாதத்தோடு முடிகிறது.

பிப்ரவரி 15

முகப்பில் முதல் குழி, உள்மூலையில் இரண்டாவது. கயிறு கட்டி அளந்தாயிற்று. இன்று முகப்பில் மட்டும் தோண்டினோம். மேல்மண் முழுக்கச் சாணம், பீடித்துண்டு, ஒரு பழைய செருப்பு.

சலிக்கிற வேலைக்கு வீராயி என்ற பெண்ணை வைத்திருக்கிறேன். நாற்பது வயதிருக்கலாம். மெலிந்த உடம்பு. சல்லடையைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டுகிறாள். சிரிப்பதில்லை, ஆனால் பேசுகிறாள்.

சாயந்தரம் காபி குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்டேன். தோப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். கூச்ச சுபாவம்.

பிப்ரவரி 19

மண். மண். மண். தக்காளி அழுகிவிட்டது.

பிப்ரவரி 26

இன்று கிடைத்தது. முழங்கால் ஆழத்தில் மண்ணின் நிறம் மாறியது. சாம்பல் கலந்த கறுப்பு. மூன்று கற்களை அணைத்து வைத்த அடுப்பு, அதைச் சுற்றிக் கருகிய எலும்புத் துணுக்குகள். வெள்ளைக்கல்லில் செதுக்கிய சின்னஞ்சிறு கருவிகள், நகத்தைவிடச் சற்றுப் பெரியவை. அம்பு முனையில் பதித்திருப்பார்கள்.

செதில்கள் சிதறிக் கிடந்த விதத்தை இருதயராஜ் வரைந்து காட்டினார். விசிறி மாதிரி ஒரு பக்கமாகப் பரவியிருந்தன. வெளிச்சத்தைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்து, கல்லைத் தட்டித் தட்டி உடைத்திருக்கிறார். எழுந்து போயிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தச் செதில்களை யாருமே தொடவில்லை, இன்று வரை.

அடுப்புக்கரி போதுமான அளவு இருந்தால் காலத்தைக் கணித்துவிடலாம். பத்தாயிரம் ஆண்டுகளை ஒட்டி வந்தால் இந்த மலையில் மனிதன் குடியிருந்த காலத்தை எல்லோரும் திருத்தி எழுத வேண்டியிருக்கும். துறைத்தலைவரிடம் போனில் சொன்னேன். "அடுப்பு எல்லாரும்தான் எடுக்கறாங்க தமயந்தி. ஒரு எலும்புக்கூடு எடு, அப்புறம் பேசலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 3

பத்து மணி டீயின்போது வீராயி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், ஒங்க போன்ல ஆளத் தேடலாம்னு சொல்றாகளே, மெய்யாவா?"

"யாரத் தேடணும்?"

"எந் தங்கச்சிய. தவமணின்னு பேரு. எங்காத்தா செத்த பெறகு நான்தான் வளத்தேன். எட்டு வருசத்துக்கு முந்தி ஒரு லாரிக்காரன்கூட திருப்பூருக்கு ஓடிப்போயிட்டா."

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல. ஊருல சொன்னாக. எனக்குக் கோவமெல்லாம் இல்ல மேடம். வந்தா அடிக்கவா போறேன்? ஒரு போனு போடலாம்ல?"

தவமணி, திருப்பூர் என்று போட்டுத் தேடினோம். நிறையப் பேர் வந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இவ இல்ல. இவளுக்கு மூக்குப் பெருசு. இவ இல்ல." கையில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணை மட்டும் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னேரம் சதை போட்டிருப்பா. அதான் எனக்கே அடையாளம் தெரியல போல."

மார்ச் 9

உள்மூலைக் குழியில் மண் மிருதுவாக இருக்கிறது. முகப்பில் கடப்பாரை வேண்டியிருந்தது, இங்கே கரண்டியே இறங்குகிறது. ஏதோ ஒரு காலத்தில் பள்ளம் தோண்டி மூடிய மாதிரி. பள்ளத்தின் விளிம்பு எந்த அடுக்கிலிருந்து தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுத்தபடிதான் வேலை செய்ய முடிகிறது.

நாலு மணிக்கு என் தூரிகையின் கீழ் ஒரு முழங்கால் எலும்பு தெரிந்தது. மனித எலும்பு.

ஆழத்தை அளந்து குறித்துவிட்டு வேலையை நிறுத்தினேன்.

மார்ச் 11

முழு உடலும் வெளியே வந்துவிட்டது. இடப்பக்கமாக ஒருக்களித்து, முழங்கால்களை நெஞ்சுவரை மடக்கி, முகம் பாறைச் சுவரைப் பார்த்தபடி. கற்காலப் புதைப்பு முறை என்று மாணவர்களுக்கு இத்தனை வருடம் நான் வரைந்து காட்டியது இதைத்தான். புதைப்பைச் சுற்றியிருந்த மண்ணில் வெள்ளைக்கல் கருவிகள் பன்னிரண்டு.

இடுப்பெலும்பை வைத்துப் பெண் என்று சொல்லலாம். கடைசிக் கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் முளைத்து வந்திருக்கின்றன. இருபது வயதை ஒட்டி. இடது முன்கை ஒரு காலத்தில் ஒடிந்து, சற்றுக் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. ஒடிந்த கையோடு இவளால் தனியாகப் பிழைத்திருக்க முடியாது. யாரோ கட்டுப்போட்டு, உணவு ஊட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டுரையில் இதற்கே ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

கழுத்துக்குக் கீழே பச்சை படிந்த சிறு உலோகத் துண்டு. செம்பாக இருக்கலாம். பிற்காலத்தில் எலிவளை வழியாக இறங்கியிருக்கும்.

இருதயராஜ் படம் எடுத்து முடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். "எலும்பு ரொம்ப வெளுப்பா இருக்கு தமயந்தி. கனமும் இருக்கு. பழைய எலும்பு கையில எடுத்தா வேற மாதிரி இருக்கும்."

"உள்ள காத்தோட்டம் இல்ல சார். ஈரமும் இல்ல. அதனாலதான்."

அவர் கேமராவை உறையில் போட்டார்.

பரிசோதனைக்கு அனுப்பக் கீழ்த்தாடையையும் வலக்கை விரலெலும்புகளையும் மட்டும் எடுத்துத் அலுமினியத் தாளில் சுற்றி என் பெட்டியில் வைத்திருக்கிறேன். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. துறைத்தலைவர் போனில் என்னை முதல் முறையாக "டாக்டர் தமயந்தி" என்று கூப்பிட்டார்.

மார்ச் 13

பத்திரிகையில் மூன்றாம் பக்கம். 'கற்காலப் பெண்ணின் எலும்புக்கூடு'. நான் குனிந்து சுட்டிக்காட்டுகிற படம். துறைத்தலைவர்தான் நிருபரை அனுப்பினார்.

விடிந்ததிலிருந்து ஊரே மலையேறி வந்தது. குழிக்குள் யாரும் இறங்காமல் கயிறு கட்டிக் காவல் நின்றோம். பெண்கள் தேங்காய், பூ, மஞ்சள் கொண்டுவந்தார்கள். நம்மையெல்லாம் பெத்த ஆத்தா என்று ஒருத்தி சொல்ல, அதுவே பேராகிவிட்டது. பெத்த ஆத்தா. சௌந்தரபாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

கூட்டம் கரைந்த பிறகு வீராயி வந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சூடம் ஏற்றினாள். உதடு அசைந்தது.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"அவ எங்க இருந்தாலும் நல்லாருக்கணும்னு சொன்னேன் மேடம். ஒருக்கா எங் கண்ணுல காட்டச் சொன்னேன்."

மார்ச் 15

காலையில் பச்சைத் துண்டைச் சுத்தம் செய்தேன். ஊக்கு. தாவணியில் குத்துகிற ஊக்கு.

உள்ளே போய்க் கழுத்தெலும்புகளுக்கு அடியில் இருந்த மண்ணைத் தூரிகையால் விலக்கினோம். நீல நிறத்தில் ஒரு நைலான் கயிறு, இரண்டு சுற்று. பின்பக்கம் முடிச்சு.

இருதயராஜ் குகைக்கு வெளியே போய் வாந்தி எடுத்தார். நான் எடுக்கவில்லை. படம் எடுத்தேன், அளவுகோல் வைத்து.

துறைத்தலைவரைக் கூப்பிட்டேன். அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் தாழ்ந்த குரலில், "போலீஸ் வந்தா பொடவையே சீல் வச்சிருவாங்க. பேப்பர்ல வேற வந்தாச்சு. நம்ம துறையே சிரிப்பாச் சிரிக்கும். மூடி வை. முகப்புல கரி எடுத்து முடி. அதுக்கப்புறம் மெதுவா முறைப்படி தெரிவிச்சுக்கலாம். செத்தவ இன்னும் ரெண்டு வாரத்துல எங்கயும் போயிடப் போறதில்ல" என்றார்.

தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். வேலைக்காரர்களிடம், எலும்பு காற்றுப் பட்டால் உதிர்ந்துவிடும் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். இரண்டு வாரம் வேண்டாம். ஒரு வாரம் போதும். அடுப்பின் கீழடுக்கு வரைக்கும் போனால் போதும். சீல் வைத்த பிறகு யார் வந்து அந்தக் கரியை எடுப்பார்கள்? ஒரு மழைக்கு எல்லாம் போய்விடும்.

ஊக்கும் கயிறும் பெட்டியில், தாடையோடு.

மார்ச் 16

காஸ் தீர்ந்துவிட்டது. விறகடுப்பில் சமையல். வேறொன்றும் இல்லை.

மார்ச் 17

முகப்புக் குழியில் அருமையான வேலை. முதல் அடுப்புக்குக் கீழே இன்னொரு அடுப்பு, அதற்கும் கீழே மெல்லிய சாம்பல் கோடு. மறுபடி மறுபடி இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் வந்து, வெயிலில் இறங்கிப் போய், மறுபடி வந்து. கரியை மூன்று பொட்டலமாகக் கட்டினேன்.

சாப்பாட்டு நேரத்தில் சௌந்தரபாண்டி ஓர் ஆளோடு வந்தார். தம்பி குருநாதனாம். இப்போது டவுனில் செங்கல் வியாபாரம், முன்பு தோப்பைப் பார்த்துக்கொண்டவர். முப்பத்தைந்து வயது, சலவைச் சட்டை. பேப்பரில் பார்த்துவிட்டு வந்தேன் என்றார்.

"எந்த எடத்துல எடுத்தீங்க?"

"உள்மூலையில."

"பாக்கலாமா?"

"மூடி வச்சிருக்கோம். காத்துப் படக் கூடாது."

தலையாட்டினார். நெற்றியில் வேர்வை. மலையேறி வந்த களைப்பு. "எத்தன வருசத்துக்கு முந்தினது, தெரிஞ்சுருமா?"

"டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சிரும்."

"எல்லாத்தையும் டெஸ்டுக்கு அனுப்பியாச்சா?"

இன்னும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. சௌந்தரபாண்டி வழக்கம்போல மியூசியத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். தம்பி அவர் கையைப் பிடித்து, "போலாம்ணே" என்றார்.

வீராயி அவர்கள் இறங்கிப் போகும் வரை சல்லடைக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 18

மண் கூடை தூக்கிய பெரியசாமி சறுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கட்டுப்போடுகிறவரிடம் போகிறேன் என்றார்.

"அவருகிட்டப் போகாதீக" என்றாள் வீராயி. "தவமணி புளியமரத்துல இருந்து விழுந்தப்ப அவருதான் மூங்கிப் பத்த வச்சுக் கட்டுனாரு. கோணலாத்தான் சேந்துச்சு. எடது கை. கொடம் தூக்கயில வலிக்குதும்பா. மூணு மாசம் நான்தான் சோறு ஊட்டி, தல சீவி விட்டேன்."

சல்லடையை ஆட்டிக்கொண்டே சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மண் பொலபொலவென்று கீழே விழுந்தது. என் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பொட்டலத்தில் எழுதுகிற பேனா. அதை நான் இரண்டாக ஒடித்திருந்தேன். கையெல்லாம் மை.

வெயில் அதிகம். சீக்கிரம் வேலையை முடித்தோம்.

மார்ச் 19

இருதயராஜிடம் நேற்று வீராயி சொன்னதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைத் தள்ளிவிட்டார்.

"இன்னிக்கே போலாம். கெளம்பு."

"சார், இன்னும் ஒரு நாள். கீழ் அடுப்பை வரஞ்சு முடிச்சிட்டா..."

"தமயந்தி, அந்தப் பொம்பள தெனமும் தன் தங்கச்சி மேல இருந்த மண்ண சலிச்சிட்டு இருக்கா."

"அவதான்னு உறுதியாத் தெரியாதே."

"உனக்குத் தெரியும்."

எழுந்து போய்க் கை கழுவினார். "நானும்தான் பேசாம இருந்தேன். எனக்கும் ரிட்டையர்மென்ட் வருது, வம்பு எதுக்குன்னு. நாளைக்கு நீ வந்தாலும் வராட்டியும் நான் போறேன்."

நாளைக்கு வருகிறேன் என்றேன். மதியத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து கீழ் அடுப்பை வரைந்து முடித்தேன். நல்ல வரைபடம்.

மார்ச் 20

காலையில் போனபோது தார்ப்பாய் குகை வாசலில் கிடந்தது.

உள்மூலை காலி. ஒரு எலும்பு இல்லை. மண்வெட்டியால் வாரியிருக்கிறார்கள். முதுகெலும்பின் ஒரு துண்டு மட்டும் சுவரோரம் நசுங்கிக் கிடந்தது. முகப்பில் அடுப்புகளையும் மிதித்து உழக்கியிருந்தார்கள். எல்லாக் குழியையும் யாரோ புதையல் தேடிக் கலைத்த மாதிரி காட்ட வேண்டுமல்லவா.

பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பெத்த ஆத்தாவைக் கொண்டுபோய்ட்டானுகளே என்று. வீராயியும் அழுதாள்.

சௌந்தரபாண்டி வந்து பார்த்தார். "புதையல் தேடுற பயலுக வேலை. நானே ஸ்டேஷன்ல சொல்லிக்கிறேன், நீங்க அலைய வேண்டாம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு எப்போதிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நேற்றிலிருந்து.

துறைத்தலைவரின் குரலில் இப்போது நிம்மதி இருந்தது. "விஷமிகள் அழிச்சிட்டாங்கன்னு அறிக்கை விட்டுரலாம். நல்லதாப் போச்சுன்னு நினைச்சுக்கோ."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். தாடை இருந்தது. விரல்கள் இருந்தன. ஊக்கு, கயிறு. எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெண்ணில் மிச்சமிருப்பது என் பெட்டிக்குள்தான்.

நேற்றே போயிருந்தால் முழுசாக இருந்திருப்பாள். பதினைந்தாம் தேதியே போயிருந்தால்.

மார்ச் 21

உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. இருதயராஜும் நானும் பஸ் பிடித்து மாவட்டப் போலீஸ் அலுவலகத்துக்குப் போனோம். பெட்டியை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், சாப்பாடா என்று கேட்டாள்.

விசாரித்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோணல் கையின் படத்தில் நிறுத்தினார்.

"கயிறு எப்பப் பாத்தீங்க?"

"பதினஞ்சாம் தேதி."

"இன்னிக்கு இருபத்தொண்ணு."

"ஆமா."

அவர் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

மார்ச் 22

போலீஸ் ஜீப் காலனிக்குள் போவதற்கு முன் நானே வீராயியிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். இத்தனை நாளில் அவள் வீட்டுக்கு முதல் முறையாகப் போகிறேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். இடது கை, ஊக்கு, எல்லாவற்றையும். கயிற்றைக் கடைசியாகச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை. வாளியில் கிடந்த துணியை எடுத்துப் பிழிந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சின்னவருகூடப் பேசிக்கிட்டிருந்தா" என்றாள். "குருநாதன். எனக்குத் தெரியும். வேணாம்டின்னு சொன்னேன். கட்டிக்கிறேன்னு சொல்லியிருக்காருன்னா. ஒருநா தோப்பு வேலைக்குப் போனவ வரல. மறுநா காலைல லாரிக்காரன்கூடப் போயிட்டான்னு அவுகளே வந்து சொன்னாக. நானும் நம்பிட்டேன். அப்பிடி நம்புனா அவ உசுரோட இருப்பால்ல."

பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், நான் சூடம் கொளுத்துனேனே. அது அவளா?"

"ஆமா."

"அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல. அன்னிக்குத் தெரியாது. ரெண்டு நாள் கழிச்சுத் தெரிஞ்சது. பதினெட்டாந்தேதி நீ கையப் பத்திச் சொன்னப்ப, அவதான்னு தெரிஞ்சது."

அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. பதினெட்டு. பத்தொன்பது. அன்றுதான் எனக்கு முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு வந்து கொடுத்திருந்தாள்.

"அப்ப அவ முழுசா அங்க கெடந்தா."

"ஆமா."

துணியை உதறிக் கொடியில் போட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 29

பொடவுக்குச் சீல். தோப்பு வீட்டைக் காலி செய்துவிட்டோம். சௌந்தரபாண்டி வரவில்லை, ஆள் அனுப்பிச் சாவியை வாங்கிக்கொண்டார். ஊரில் எங்களுக்கு ஒரு டீ கொடுக்கவும் யாரும் தயாராக இல்லை. வேலைக்கு வந்த பத்துப் பேரும் ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரியசாமி கட்டுப்போட்ட கையால் கைநாட்டு வைத்தாராம்.

வீராயியிடம் ரத்தம் எடுத்தார்கள். அவள் ஊசியைப் பார்க்காமல் பெஞ்சில் இருந்த தாடையின் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாக இருதயராஜ் சொன்னார். நான் வெளியே நின்றேன்.

ஏப்ரல் 24

துறையிலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தடயத்தை மறைத்தது, துறையின் பெயரைக் கெடுத்தது. முதல் குற்றச்சாட்டு சரி. இரண்டாவதற்குப் பதில் எழுதவில்லை.

ஜூன் 6

ரத்தமும் தாடையும் ஒத்துப்போகின்றன. உடன்பிறந்தவர்கள்.

குருநாதனைக் கைது செய்திருக்கிறார்கள். உடலை எங்கே கொண்டுபோனான் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். செங்கல் சூளைகளைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். சாம்பல்தான். எந்தச் சாம்பல் எது என்று யார் சொல்வது?

ஜூன் 19

குருநாதன் ஜாமீனில் வந்துவிட்டான். மண்டையோடு இல்லை, கழுத்தெலும்பு இல்லை. வெறும் படத்தை வைத்துக் கொலை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்களாம். எலும்புகள் கலையாமல் இருந்திருந்தால் நெரித்ததைத் தடயவியல் நிபுணர் ஒருவரே சொல்லியிருப்பார் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். என்னைக் குத்திக்காட்டுகிற தொனி இல்லை. நடந்ததைச் சொன்னார்.

ஊரில் ஊர்வலம் போல வரவேற்பு.

ஜூலை 2

கரியின் முடிவு வந்துவிட்டது. கீழ் அடுப்பு ஒன்பதாயிரத்து நானூறு ஆண்டு. துறைத்தலைவர் பேட்டி கொடுத்திருக்கிறார். என் பெயர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று படித்தேன். பஸ் வந்ததும் பேப்பரைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

ஜூலை 15

தாடை கோர்ட்டில்தான் இருக்கும், வழக்கு முடியும் வரை. விரலெலும்புகளை மட்டும் வீராயியிடம் ஒப்படைக்கலாம் என்று உத்தரவு வந்தது. அதை வாங்கிக் கொடுக்க நான் வரலாமா என்று இருதயராஜ் மூலம் கேட்டேன். வரட்டும் என்றாளாம்.

நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். வீராயி, இருதயராஜ், நான். காலனிச் சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். இரவில் மழை பெய்து மண் இளகியிருந்தது. தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு வீட்டு ஜன்னல் மட்டும் திறந்து மூடியது.

வீராயி ஒரு களைக்கொத்தி கொண்டுவந்திருந்தாள். நான் கை நீட்டினேன்.

"குடு, நான் தோண்டுறேன்."

அவள் கொடுக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. "நீங்க தோண்டுனது போதும் மேடம்" என்றாள்.

முழங்கால் போட்டு அவளே தோண்டினாள். இத்தனை சின்னப் பொட்டலத்துக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம் என்று இருதயராஜ் மெதுவாகச் சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. இடுப்பளவு ஆழம் தோண்டினாள். ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்குத் தோண்டினாள். வெயில் ஏறியது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் நின்றோம்.

தோண்டி முடித்து மேலே ஏறி, பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளைத் துணியில் விரலெலும்புகள்.

"இது எந்தக் கை மேடம்?"

"வலது."

"சோறு திங்கிற கை" என்றாள்.

முந்தானையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். பிசைந்த சோறு. ஒரு உருண்டை உருட்டி எலும்புகளின் மேல் வைத்தாள். இன்னொன்று. அந்தக் கை தின்று முடிக்கக் காத்திருக்கிறவள் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் துணியை மடித்து, உள்ளே இறங்கி, குழியின் நடுவில் வைத்துவிட்டு மேலேறி வந்தாள்.

இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளத் தொடங்கினாள். நான் இருந்த பக்கத்து மண்ணையும் அவளே வந்து தள்ளினாள்.